கொசுறாக வந்த கடல்

கர்ட்டன் அக்காவும் அவள் புருஷனும் வெளிநாட்டுச் சுற்றுலா போய்த் திரும்பிய வாரத்திலிருந்து, மூன்றாவது மாடியில் இருந்த அவர்கள் வீட்டு ஹாலில் தினமும் இரண்டு வேளை கடல் ஏறி இறங்கியது. பால்கனிக் கதவின் அடியிலிருந்து நுரையோடு கிளம்பி, சோபாவின் கால்களை நனைத்து, டிவி ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு, சமையலறை நிலைப்படி வரைக்கும் வரும். கணுக்கால் நனைகிற அளவுக்குக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்த வழியே திரும்பிப் போகும். நேற்று வந்த நேரத்துக்கு இன்று வராது. ஆபீசில் வேலை நிரந்தரமாகிவிட்ட ஆளைப் போல ஒவ்வொரு நாளும் சற்றுத் தள்ளித் தள்ளி வரும். போகும்போது இரண்டு சிப்பியும் ஒரு துண்டுப் பாசியும் விட்டுப் போகும். சில நாள் யாருடையதென்றே தெரியாத ஒற்றைச் செருப்பு. அந்த ஊருக்கு மிகப் பக்கத்தில் இருந்த கடலைப் பார்க்கவே ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து போக வேண்டும் என்பதால், இது வேறு எங்கிருந்தோ வந்த கடல்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

கர்ட்டன் அக்கா, பேருக்கு ஏற்றபடி, கடைவீதியில் இருந்த திரைச்சீலைக் கடைக்குத் தைத்துக் கொடுப்பவள். ஹால் ஜன்னலோரமாகத் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு தைத்துத் தைத்து, ஊரில் பாதிப் பேர் வீட்டு ஜன்னல்களின் அகலம் அவளுக்கு மனப்பாடம். புருஷன் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வேலை நேரத்தில் முக்கால்வாசி இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருப்பார். அந்தப் பழக்கமோ என்னவோ, வீட்டிலும் எந்த விஷயத்திலும் மேலே என்றோ கீழே என்றோ சொல்லாமல் நடுவிலேயே நிற்பார். அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

பேரம் பேசுவதில் கர்ட்டன் அக்காவுக்கு அந்த வட்டாரத்திலேயே ஜோடி இல்லை. தக்காளிக்காரர் அவள் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததுமே விலையை ஏற்றி வைத்துக்கொண்டு, தெய்வத்தின்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். ஒருமுறை பல் டாக்டரிடம் ஒரு பல்லுக்கான காசில் இரண்டு பல் பிடுங்கிக்கொண்டு வந்தாள். இரண்டாவது நல்ல பல் என்பது வேறு விஷயம். விலை படிந்த பிறகும் விடமாட்டாள். கொசுறு வாங்காமல் பையை மூடிய வரலாறே கிடையாது. கத்தரிக்காய்க்குக் கறிவேப்பிலை, நூல்கண்டுக்கு ஊசி, ஊசிக்கு ஒரு பொத்தான். இந்த நேரம் முழுக்க லிஃப்ட்காரர் பத்தடி தள்ளி நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக விளக்குக் கம்பத்தைப் பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாம் முடிந்து அவள் கிளம்பியதும், "நீ போய்க்கிட்டே இரு, பின்னாடியே வந்துடறேன்" என்று சற்றுப் பின்தங்குவார். செருப்பு வார் பிய்ந்துவிட்டது என்பார், தெரிந்தவர் ஒருத்தர் நிற்கிறார் என்பார். ஜெயித்த மிதப்பில் நடந்துகொண்டிருக்கும் அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

வெளிநாட்டுப் பயணம் அமைந்ததும் அவள் வாய் சாமர்த்தியத்தால்தான். பெரிய ஹோட்டல் ஒன்றின் எல்லா ஜன்னல்களுக்கும் சொன்ன தேதிக்கு முன்னாலேயே திரை தைத்துக் கொடுத்ததற்காகக் கடை முதலாளி சந்தோஷப்பட்டுச் சுற்றுலா டிக்கெட் ஒன்று தருவதாகச் சொன்னார். அவர் வாயைத் திறந்தது ஒரு டிக்கெட்டுக்கு, மூடியபோது இரண்டாகியிருந்தது. போன இடம் வெயிலும் தென்னையும் நீலக் கடலுமாகக் காலண்டரில் பார்ப்பது போலவே இருந்தது. கூட வந்தவர்கள் எல்லோரும் தண்ணீரில் இறங்கிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தபோது, கர்ட்டன் அக்கா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைவினைப் பொருள் சந்தைக்குள் நுழைந்தாள். ஓலைக்கூரை போட்ட கடைகள் வரிசையாக இருந்தன. மரத்தில் குடைந்த ஆமைகள், கொட்டாங்கச்சிக் கரண்டிகள், புல்லில் பின்னிய பெட்டிகள், முறைத்துப் பார்க்கும் முகமூடிகள். எல்லாவற்றையும் கையில் எடுத்தாள், தட்டிப் பார்த்தாள், முகர்ந்தாள், உதட்டைப் பிதுக்கி வைத்துவிட்டு நகர்ந்தாள். கடைசிக் கடையில் சிப்பிகளைச் சரம் சரமாகக் கோத்த ஒரு வாசல் திரை காற்றில் கிலுகிலுத்துக்கொண்டிருந்தது. தொழில்காரக் கண் அங்கேயே நின்றுவிட்டது. முடிச்சுகளைப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றில்கூடக் குறை சொல்ல முடியவில்லை என்பது அவளுக்கு ஒரு மாதிரி எரிச்சலாக இருந்தது.

கடைக்குச் சொந்தக்காரி ஒரு தொப்பிக்காரி. குடை அகலத் தொப்பியின் நிழலில் அவளும், அவள் தோளில் ஒரு பூனையும், காலடியில் இன்னொரு பூனையும் வெயில் படாமல் இருந்தன. இவள் பேசுவது அவளுக்குப் புரியாது, அவள் பேசுவது இவளுக்குப் புரியாது. நடுவில் ஒரு கால்குலேட்டர். தொப்பிக்காரி ஒரு தொகையைத் தட்டிக் காட்டினாள். கர்ட்டன் அக்கா நெஞ்சில் கைவைத்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மயக்கம் வருபவள் போல நின்றாள். பிறகு தன் தொகையைத் தட்டினாள். தொப்பிக்காரி பூனையிடம் காட்டினாள். பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டது. கால்குலேட்டர் போய்ப் போய் வந்ததில் அதன் பொத்தான்கள் சுட்டன. கர்ட்டன் அக்கா கடைசி ஆயுதமாக எழுந்து நடந்தாள். நாலு கடை தாண்டியும் பின்னாலிருந்து கூப்பிடும் சத்தம் வரவில்லை. அவள் வாழ்க்கையில் இப்படி நடந்ததில்லை. மெல்லத் திரும்பிப் பார்த்தால், தொப்பிக்காரி கடையை அப்படியே போட்டுவிட்டு எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் நெடுநாள் பழகினவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டு திரும்பி வந்து, நடுவில் ஒரு விலைக்குப் படிந்தார்கள்.

அப்புறம் கர்ட்டன் அக்கா கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் சேர்த்துத் துளியூண்டு என்று காட்டிப் பையைத் திறந்து நீட்டினாள். கொசுறு என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. தொப்பிக்காரி ஒரு சாவிவளையத்தைக் காட்டினாள், இவள் வேண்டாம் என்றாள். விசிறி; வேண்டாம். சின்ன பூனையைத் தூக்கிக் காட்டினாள். கர்ட்டன் அக்கா, பூனை, ரெண்டு பேருமே வேண்டாம் என்றார்கள். கடையில் கொடுக்க வேறொன்றும் இல்லாமல் தொப்பிக்காரி சுற்றும்முற்றும் பார்த்தாள். கடைக்குப் பின்னால் கடல் இருந்தது. அந்தப் பக்கமாகக் கையை நீட்டி, மாவில் ஒரு சிட்டிகை எடுப்பது போல எதையோ கிள்ளியெடுத்துப் பைக்குள் போட்டு, பையின் வாயை முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். "நல்ல தமாஷ்காரி" என்று சொல்லிக்கொண்டே கர்ட்டன் அக்கா கிளம்பினாள். லிஃப்ட்காரர் செருப்பு வாரைச் சரிசெய்யப் பின்தங்கினார்.

விமான நிலையத்தில் பையை எக்ஸ்ரே மெஷினுக்குள் விட்டபோது, திரையில் சின்னச் சின்ன அலைகள் வந்து வந்து போவதை அதிகாரி வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். பையில் தண்ணீர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். "கொசுறுதாங்க இருக்கு" என்றாள் கர்ட்டன் அக்கா. கொசுறுக்கு வரி உண்டா இல்லையா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. போகச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சிப்பித் திரையைப் பால்கனி வாசலில் மாட்டிய மறுநாள் காலையில்தான் கடல் முதன்முதலாக உள்ளே வந்தது. கர்ட்டன் அக்கா பதறவில்லை. முதலில் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள்; உப்பு சரியாக இருந்தது. அடுத்து, ஜன்னல் திரைகளின் கீழ்மடிப்பைப் பிரித்து நனையாத உயரத்துக்கு ஏற்றித் தைத்தாள். ஃப்ரிட்ஜ் செங்கல் மேல் ஏறியது. தெருவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்து, கால் நனைத்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவரிடமும் அவள், "கொசுறா வந்தது. ஒரு பைசா குடுக்கல" என்று சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் ஜொலித்ததைப் பார்க்க, கடலைப் பார்க்க வந்தவர்கள்கூடச் சற்று நின்று போனார்கள்.

கவலைப்பட்டவர் வீட்டு ஓனர் ஒருத்தர்தான். அவர் நேர் கீழே, இரண்டாவது மாடியில் இருந்தார். தினமும் இரண்டு வேளையும் ஸ்டூல் மேல் ஏறி நின்று மேற்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். ஒரு பொட்டு ஈரம் கிடையாது. ஈரம் இல்லை என்பது நிச்சயமானதும் அவருக்கு வேறு யோசனை வந்தது. ஒருநாள் காலை, கடல் வடிந்த பிறகு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே வந்தார்.

"இனிமே வாடகை கொஞ்சம் கூடப் போடணும்மா."

"எதுக்குங்க?"

"கடல் பார்த்த வீடுன்னா ஊர் உலகத்துல என்ன ரேட்டுன்னு உங்களுக்குத் தெரியாததா? இங்க பார்க்கவே வேண்டாம், அதுவே உள்ள வருது."

கர்ட்டன் அக்கா தையல் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். சுவர் பெயின்ட் உரிந்ததில் ஆரம்பித்து, மாடிப்படியின் உடைந்த கைப்பிடி வழியாக வந்து, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் லிஃப்ட் மெக்கானிக்கைக் குடிவைத்திருக்கும் அநியாயம் வரைக்கும் பேசினாள். ஓனர் அசையவே இல்லை. கோயிலில் பிரசங்கம் கேட்பவர் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், "சரிம்மா, நீங்க சொல்றதே இருக்கட்டும்" என்று சிரித்துவிட்டு எழுந்தார். அந்தச் சிரிப்பில் இருந்த ஏதோ ஒன்று அவளை உறுத்தியது.

"இவ்வளவு சுலபமா ஒத்துக்கிட்டீங்களே?"

"எனக்கென்னம்மா, நீங்க குறைச்சதைத்தான் சார் வழக்கம்போலத் தனியா வந்து குடுத்துடுவாரே" என்றார் ஓனர். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. வேட்டியை இறக்கிவிடக்கூட நிற்காமல் படியிறங்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் லிஃப்ட்காரர் பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு ஹாலைக் கடந்து வந்தபோது, கர்ட்டன் அக்கா சோபாவின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவரைக் கலக்கியது.

"வீட்டு வாடகைக்கு மட்டும்தானா, இல்ல..."

அவர் சோபாவைச் சுற்றிக்கொண்டு போகும் தண்ணீரைப் பார்த்தார்.

"தக்காளிக்காரருக்கும்?"

"ம்."

"ஆட்டோக்காரங்களுக்கு?"

"ம்."

"பல் டாக்டர்?"

"ரெண்டாவது பல்லுக்கு மட்டும்."

கடைசியாக மிக மெதுவாகக் கேட்டாள். "அந்தத் தொப்பிக்காரிக்கு?"

"அவங்களுக்குக் கொஞ்சம் கூடவே குடுத்தேன்."

"அப்போ இந்தக் கடல்..." அவள் தண்ணீரைக் காட்டினாள். "காசு குடுத்து வாங்கின கடலா இது?"

லிஃப்ட்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நீ பேசி முடிச்சப்புறம் அவங்க மூஞ்சியைப் பார்த்தா எனக்குச் சாப்பாடு இறங்காது" என்றார்.

"வாங்கும்போதே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"ஜெயிச்சுட்டு வரும்போது உன் மூஞ்சியையும் பார்ப்பேன்ல. அதை எப்படி வேண்டாம்னு சொல்றது?"

வேறொரு நாளாக இருந்தால் இந்த வார்த்தைக்கு அவள் இளகியிருப்பாள். அன்று இளகவில்லை. இத்தனை வருஷமாக ஊரையே ஜெயித்தோம் என்று நினைத்தது, புருஷன் பின்னாலேயே வந்து ஊருக்குக் கூலி கொடுத்து ஜெயிக்க வைத்ததுதான் என்று தெரிந்த பிறகு, யார் முகத்தில் விழிப்பது? மறுநாளிலிருந்து கர்ட்டன் அக்கா பேரம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சொன்ன விலையைக் கொடுத்து, கொடுத்ததை வாங்கி, கொசுறு கேட்காமல் பையை மூடினாள். வியாபாரிகள் நடுங்கிப்போனார்கள். முதல் விலை என்பது பேசத் தொடங்குவதற்காகச் சொல்வது. அதை ஒருத்தி அப்படியே எண்ணிக் கொடுத்தால் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. தக்காளிக்காரர் இரண்டு நாள் தூக்கம் வராமல், மூன்றாம் நாள் மிச்சத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு ஓடினார். புருஷனோடும் பேச்சு நின்றது. "சாப்பாடு மேசை மேல" என்பதோடு சரி.

கடலும் ஏறத் தொடங்கியது. கணுக்காலில் நின்றது கெண்டைக்காலுக்கு வந்தது, கெண்டைக்காலிலிருந்து முழங்காலுக்கு. வடிவதும் குறைந்துகொண்டே வந்தது. நாற்காலிகள் மிதந்து வந்து சமையலறைக் கதவைத் தட்டின. ஹாலில் மீன்கள் கூட்டமாகச் சுற்றின. ஒன்று டிவியில் செய்தி ஓடும்போது மட்டும் வந்து நிற்கும். ஏன் ஏறுகிறது என்று தெருவில் பல அபிப்பிராயம் இருந்தது. தக்காளிக்காரர் சொன்னதைத்தான் கடைசியில் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்: "வாங்கறவங்க அசந்தா யாரா இருந்தாலும் ஏத்தத்தான் பார்ப்பாங்க. கடல் மட்டும் என்ன, அதுவும் வியாபாரத்துல வந்ததுதானே."

முழங்காலைத் தாண்டியபோது தையல் மெஷினின் மோட்டார் நனைந்து, கர் என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. அந்த நேரம் பார்த்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் திரைகள் பாதி தைத்தபடி கட்டிலின் மேல் குவிந்து கிடந்தன. லிஃப்ட்காரர் மோட்டாரைக் கழற்றி, துடைத்து, வெயிலில் காயவைத்து, ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி மாட்டிக் கொடுத்தார். அதே நாள் ஓனர் படியின் பாதியில் நின்றுகொண்டு கத்தினார். "கூடுதல் வாடகையும் வேண்டாம், பழைய வாடகையும் வேண்டாம். ஈரம் இல்லாட்டியும் கனம்னு ஒண்ணு இருக்கும்மா. கூரை என் தலையில இறங்கறதுக்குள்ள இந்த மாசமே காலி பண்ணிடுங்க."

பதினைந்து வருஷமாக அந்த ஜன்னல் வெளிச்சத்தில் தைத்தவள் கர்ட்டன் அக்கா. ஓனர் போன பிறகு ஹாலின் நடுவில் தண்ணீருக்குள் நின்றுகொண்டு சுவர்களைப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டு மேசையின் மேல் ஏறி, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, தலைப்பை இழுத்துச் செருகினாள். சமையலறை நிலைப்படியில் நின்றிருந்த லிஃப்ட்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார். அந்தச் செருகல் அவருக்குத் தெரியும்.

"இந்தாப்பா, என்ன நினைச்சுட்டிருக்க நீ?" என்றாள் கடலைப் பார்த்து. "இதெல்லாம் ஒரு கடலா? அலைன்னு சொல்றதுக்கு ஒண்ணாவது ஒழுங்கா இருக்கா? நீலமும் சாயம் போன மாதிரி இருக்கு. இதுக்கு முழங்கால் கேட்குதாம் முழங்கால்!"

கடல் பதிலுக்கு இடுப்பளவு எழும்பிக் காட்டியது. அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, குதிகாலைத் தொட்டுக் காட்டினாள். கடல் சோபாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கியது. அவள் உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, வாயில் வைத்து, மீனுக்கே கேட்கும்படி துப்பினாள். "ஊர்ல வேற கடலே இல்லையா? பாதி உப்புக்கு எத்தனையோ கிடைக்குது" என்றாள். இப்படி ஏறியும் இறங்கியும் வெகுநேரம் போனது. கடைசியில் அவள் மேசையிலிருந்து இறங்கி, தண்ணீரை விலக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். கதவைத் திறந்து வெளியே போய், படியிறங்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு படியிலும் சற்று நின்றாள். ஓனர் வீட்டு வாசலுக்கு வந்தாயிற்று. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அப்போது மேலேயிருந்து, படி படியாகத் தத்தி, ஒரு சின்ன அலை இறங்கி வந்து அவள் குதிகாலைத் தொட்டது. போகிறவளைப் பின்னால் வந்து கைபிடித்துக் கூப்பிடுவது போலவே இருந்தது.

கணுக்காலோடு நிறுத்திக்கொள்வது, மெஷின் ஓடும் நேரத்தில் வராமலிருப்பது, சோபாவை இனித் தொடுவதில்லை என்று படிந்தது. படிந்த கையோடு கர்ட்டன் அக்கா இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள். கடல் கொஞ்சம் யோசித்து, கரப்பான் பூச்சி பிடிக்கும் ஒரு நண்டை நிலைப்படியில் விட்டுவிட்டு வடிந்தது.

லிஃப்ட்காரர் பழக்கதோஷத்தில் சட்டைப் பைக்குள் கைவிட்டுக்கொண்டு நின்றார். எடுத்து யாரிடம் கொடுப்பதென்று தெரியவில்லை. வெளியே எடுத்த கையை மறுபடி உள்ளே விட்டார். அவர் முழிப்பதைப் பார்த்த கர்ட்டன் அக்காவுக்கு, இந்த வெற்றிக்குப் பின்னால் போய் அவர் காசு கொடுத்துப் பைசல் செய்ய எதிராளி யாரும் இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. தொப்பிக்காரியிடமிருந்து திரும்பிய அன்று இருந்ததைவிட அவள் முகம் பிரகாசமாக இருந்தது. லிஃப்ட்காரர் பைக்குள் கையை விட்டபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் அவர் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் காலை, அவள் மெஷினில் குனிந்திருந்த நேரமாகப் பார்த்து, கல்லுப்பு மூட்டை ஒன்றைத் தோளில் தூக்கி வந்து, பால்கனிப் பக்கம் வடிந்துகொண்டிருந்த தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினார். கடல் ஓசைப்படாமல் வாங்கிக்கொண்டது. மெஷின் நிற்கவில்லை. மடிப்பு கோணாமல் ஒரு ஜன்னல் அகலம் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்த பிறகு, தலையை நிமிர்த்தாமலேயே அவள் சொன்னாள்:

"உப்பு என்ன விலைக்கு வாங்கினீங்க?"

அவர் சொன்னார்.

"அடுத்த தடவை என்னையும் கூட்டிட்டுப் போங்க. நான் பேசி வாங்கித் தர்றேன்."

அதன்பிறகு மாதாமாதம் இரண்டு பேருமாகப் போய் உப்பு வாங்கி வந்தார்கள். உப்புக்கடைக்காரருக்கு யார் யாருக்காகப் பேசுகிறார்கள், யார் யாருக்கு எதைத் திருப்பித் தருகிறார்கள் என்று கடைசிவரை பிடிபடவில்லை. கல்யாண மண்டபத்துத் திரைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஓனர் மேற்கூரையில் கைவைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, பேரப்பிள்ளைகள் வந்தால் மேலே அனுப்பிவைத்தார். நண்டு சமையலறையில் பெரிய ஆளாகிவிட்டது. ஹாலில் கடல் இருப்பதைப் பற்றித் தெருவில் பேசுவது, பக்கத்து வீட்டில் மொட்டைமாடி இருப்பதைப் பற்றிப் பேசுவது மாதிரி அலுத்துப்போனது.

சில வருஷம் கழித்து, மின்சார மீட்டர் பார்க்கப் புதிதாக ஓர் ஆள் வந்தார். மீட்டர் ஹாலின் மறுகோடியில் இருந்தது. தண்ணீர் ஏறியிருந்த நேரம். அவர் வாசலில் நின்று கொஞ்சம் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றி, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்.

"இது எப்பவும் இப்படித்தானாம்மா?"

"இல்லீங்க" என்றாள் கர்ட்டன் அக்கா, திரையின் மடிப்பில் குண்டூசி குத்திக்கொண்டே. "மழைக்காலத்துல கொஞ்சம் கலங்கலா இருக்கும்."

அவர் தலையாட்டி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.